புகையிலைக்குக் காற்றில் வரும் நோயை வானிலையைக் கொண்டு முன்கூட்டி அறிய முடியுமா?

வினா: ஆற்றங்கரையான், ஹென்சாடா

அனைவருக்கும் வணக்கம். ஹென்சாடாவுக்கு வடக்கே ஐராவதிக் கரையில், வெள்ளம் வடிந்தபின் வெளிப்படும் வண்டல் நிலத்தில், பர்மியர் கைங் என்று சொல்லும் அந்த நிலத்தில், 3 ஏக்கருக்குச் சுருட்டுப் புகையிலை பயிரிட்டு வருகிறேன். ஐப்பசியில் நாற்று, கார்த்திகையில் நடவு, தை பிற்பாதியிலிருந்து இலை ஒடிப்பு என்பது எங்கள் வழக்கம். கடந்த தையில் ஒன்பது நாள்கள் தொடர்ந்து, காலை ஒன்பது மணி ஆகியும் மூடுபனி விலகவில்லை. அதற்கு அடுத்த வாரமே அடியிலைகளில் புள்ளிகள் தோன்றிப் பிறகு நடு இலைகளுக்கும் ஏறின. மருந்துக்கடைக்காரர் ஒரு மருந்தைக் கொடுத்து, ஏழு நாளைக்கு ஒருமுறை யோசிக்காமல் அடிக்கச் சொன்னார். நான்கு முறை அடித்தேன். அதன் பிறகும், சுருட்டின் மேலே சுற்றுவதற்குப் போக வேண்டிய இலையில் பாதியைத் தரகர் உள்ளே வைக்கும் தூள் இலையின் விலைக்குத்தான் எடுத்தார்.

அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகம், புகையிலை நோய் எந்தத் திசையிலிருந்து எந்த மாவட்டத்துக்கு வரும் என்பதைக் காற்றின் போக்கைக் கொண்டு கணித்து, வாரத்தில் மூன்று நாள்கள் விவசாயிகளுக்கு அறிவித்து வந்தது என்று அண்மையில் படித்தேன். அப்படி ஒரு முன்னறிவிப்பை நாமும் பெற வழி உண்டா? வானொலியில் வரும் பொதுவான வானிலை அறிக்கையைக் கேட்டு மருந்தடிக்கும் நாளை முடிவு செய்யலாமா? அல்லது பனியைக் கண்டால் அடிப்பது என்ற பழைய கணக்கே போதுமா? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி: பயிர்நோய் பழைய ஆசிரியர், யாங்கோன்

தம்பி, நீங்கள் படித்தது வடக்கு கரோலைனா மாநிலப் பல்கலைக்கழகம் 1990களின் நடுவில் தொடங்கிய, நீலப்பூசணம் என்ற புகையிலை நோய்க்கான முன்னறிவிப்பைப் பற்றியதாக இருக்கும். பயிர்நோயியலாளர் மெயின், வானிலையியலாளர் டேவிஸ் ஆகியோரின் பல ஆண்டு உழைப்பு அதற்குப் பின்னால் இருந்தது. நோவா என்ற அமெரிக்க வானிலை அமைப்பின் ஹைஸ்பிளிட் என்னும் கணினி முறையைக் கொண்டு, நோய் இருக்கும் வயலிலிருந்து கிளம்பும் காற்று அடுத்த இரண்டு நாள்களில் எந்த வழியாகப் போகும் என்று கோடு வரைவார்கள். அந்தக் கோட்டின் மேல் எங்கெங்கு மேகம், எங்கெங்கு மழை, எங்கெங்கு இலை நனைந்திருக்கும் என்பதையும் சேர்த்துப் பார்த்து, ஆபத்து குறைவு, நடுத்தரம், மிகுதி என்று அறிவிப்பார்கள். அந்த அக்கறைக்குக் காரணம் 1979. அந்த ஓர் ஆண்டில் நீலப்பூசணம் அமெரிக்காவின் தென்கோடியிலிருந்து கனடாவின் புகையிலை வயல்கள் வரை பரவிக் கோடிக்கணக்கான டாலர் இழப்பை உண்டாக்கியது. அதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் முன்பே, 1950களின் கடைசியில், ஐரோப்பாவுக்குள் நுழைந்த அதே நோய் சில ஆண்டுகளுக்குள் வட ஆப்பிரிக்கா வரை போய்விட்டது. புகையிலை ஆராய்ச்சிக்கான பன்னாட்டு அமைப்பான கோரெஸ்டா 1961இல் தன் எச்சரிக்கைப் பணியைத் தொடங்கியது அந்த அடியை வாங்கிய பிறகுதான்.

வானிலைக்கும் நோய்க்கும் உள்ள உறவை மழை என்ற ஒரு சொல்லில் அடக்கிவிட முடியாது. அதைத் தொடர்ச்சியாகப் பார்க்க வேண்டும். நோயுற்ற இலையின் அடிப்பக்கத்தில் வித்துகள் உருவாவது இரவில். காற்றின் ஈரப்பதம் 95 விழுக்காட்டுக்கு மேல் சில மணி நேரமாவது நிற்க வேண்டும். வெப்பநிலை 15 முதல் 23 டிகிரி வரை இருந்தால் அதற்கு மிகவும் வாய்ப்பு. விடிந்து வெயில் ஏறி ஈரம் குறையத் தொடங்கியதும், வித்தைத் தாங்கி நிற்கும் நுண்ணிய காம்புகள் உலர்ந்து முறுக்கிக்கொண்டு வித்துகளை உதறிவிடுகின்றன. அப்படி உதறப்பட்டவற்றில் பெரும்பகுதி அந்த வயலுக்குள்ளேயே விழுந்துவிடும். பயிரின் மேற்பரப்பைத் தாண்டி உயரே போகும் சிறு பங்குதான் பயணம் செய்கிறது. அந்தப் பயணத்தில் அதற்கு எமன் வெயில். மேகமில்லாத வானத்தின் கீழ் ஓரிரு மணி நேரத்தில் பெரும்பாலான வித்துகள் செத்துவிடும்; மேகமூட்டம் இருந்தால் நெடுந்தொலைவு உயிரோடு போகும். பயணத்தின் முடிவில் ஒரு மழை அவற்றைக் காற்றிலிருந்து கழுவிக் கீழே இறக்க வேண்டும், அல்லது அவை தானாகவே படிய வேண்டும். படிந்த பிறகு இலையின் மேல் சில மணி நேரமாவது ஈரம் தங்கினால்தான் முளைத்து உள்ளே இறங்கும். அதற்குப் பின் ஏறத்தாழ ஐந்து முதல் ஏழு நாள்கள் கழித்துத்தான் நம் கண்ணுக்கு மஞ்சள் திட்டு தெரியும். இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தாலும் நோய் வராது. நாம் புள்ளியைக் காணும் நாள், நோய் தொற்றிய நாளுக்கு ஒரு வாரம் பிந்தியது என்பதால்தான் முன்னறிவிப்புக்கு மதிப்பு.

ஆனால் இந்தக் கணக்கின் முதல் கண்ணி வானிலையே அல்ல. நோய் இப்போது எங்கே இருக்கிறது என்ற செய்தி. அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலத்திலும் உள்ள வேளாண் விரிவாக்கப் பணியாளர்கள், இன்ன மாவட்டத்தில் இன்ன தேதியில் நோய் கண்டேன் என்று தெரிவித்துக்கொண்டே இருந்தார்கள். அந்தச் செய்தி இல்லாவிட்டால், காற்றுக் கோட்டை எங்கிருந்து தொடங்குவது? அங்கேயும் முன்னறிவிப்பை ஏமாற்றிய ஒரு வழி உண்டு. நோயுற்ற நாற்றுகள் லாரியில் ஏறி நூற்றுக்கணக்கான மைல் போய் இறங்கும்போது எந்தக் காற்றுக் கணக்கும் அதைக் காட்டாது.

இனி நம் பக்கம். ஹைஸ்பிளிட்டை இணையத்தில் எவரும் இலவசமாக இயக்கிப் பார்க்கலாம். ஹென்சாடாவின் அட்சரேகை, தீர்க்கரேகையைக் கொடுத்தால் காற்று வந்த வழியையும் போகும் வழியையும் வரைந்து தரும். எனினும் நம் புகையிலைப் பருவத்துக்கு அதனால் பெரிய பயன் விளையும் என்று நான் நினைக்கவில்லை. மார்கழி, தை, மாசி மாதங்களில் நமக்கு வடக்கு, வடகிழக்குக் காற்று. பகலில் பெரும்பாலும் மேகமற்ற வானம், சுள்ளென்ற வெயில். தொலைவிலிருந்து வரும் மென்மையான வித்து அந்த வெயிலில் பிழைப்பது கடினம். ஆகவே உங்கள் ஒன்பது நாள் மூடுபனியில் வினை செய்தது பெரும்பாலும் உங்கள் வயலிலோ, அடுத்த வயலிலோ, பழைய தூரிலோ இருந்த நோயாகத்தான் இருக்கும். மூடுபனி காலை ஒன்பது மணிவரை நின்றது என்றீர்களே, அதுதான் நெஞ்சைத் தொட்ட வரி. இரவில் பெய்த பனி வெயில் ஏறத் தொடங்கியதுமே காய வேண்டியது, ஒன்பதுக்கு மேல்வரை இலையில் தங்கியிருக்கிறது. இலை நனைந்திருந்த நேரத்தில் இரண்டு மூன்று மணி கூடினால் நோய்க்கு அது பெரிய கொடை.

கடைசியாக ஒன்று. உங்களுக்கு வந்தது நீலப்பூசணம் என்று யார் சொன்னது? புள்ளியின் உருவத்தைக் கொஞ்சம் விவரியுங்கள். இலையின் அடியில் விடியற்காலையில் நீலச் சாம்பல் நிறப் பஞ்சு படிந்திருந்ததா? கடைக்காரர் கொடுத்த மருந்தின் அட்டையில் என்ன எழுதியிருந்தது?

மறுமொழி: மூன்றாம் தலைமுறை, பகோ

ஆசிரியர் ஐயா சொன்னவற்றை மறுக்கவில்லை. ஆனால் நோய் எங்கே இருக்கிறது என்ற செய்தியை நம் ஊரில் எவரிடமிருந்து வாங்குவது? என் வயலில் புள்ளி வந்தால் நான் வாயைத் திறக்க மாட்டேன். பக்கத்து வயல்காரரும் திறக்க மாட்டார். திறந்தால் தரகர் காதுக்கு அது மறுநாளே போய், புள்ளியே இல்லாத இலைக்கும் வீசைக்கு இவ்வளவு என்று விலை குறைப்பார். எங்கள் பக்கம் புகையிலை குறைவு, வெற்றிலையும் பயறும்தான் மிகுதி. ஆனாலும் கதை ஒன்றே. அமெரிக்காவில் அறிவித்தவர் அரசுச் சம்பளக்காரர், அவருக்கு இழப்பதற்கு எதுவும் இல்லை. இங்கே அறிவிப்பவன் விவசாயி. இந்த முடிச்சை அவிழ்க்காமல் கணினியைப் பற்றிப் பேசுவது, கிணறு வெட்டுவதற்கு முன்பே மாடு பூட்டி நீர் இறைக்கும் கவலையைக் கட்டுவதற்கு ஒப்பாகும்.

மறுமொழி: தக்காளித் தோட்டம், ஹேஹோ

நாங்கள் ஷான் மாநிலத்தில் தக்காளியும் உருளைக்கிழங்கும் பயிரிடுகிறோம். எங்களுக்கு எதிரி பின்பருவ இலைக்கருகல். அதுவும் நீலப்பூசணமும் உறவு முறையில் பங்காளிகள். இரண்டுமே பூசணம் என்று அழைக்கப்பட்டாலும் உண்மையான பூசண இனத்தைச் சேர்ந்தவை அல்ல, நீர்ப்பூசண இனத்தைச் சேர்ந்தவை. ஆகவே எங்கள் பட்டறிவு உங்களுக்குக் கொஞ்சம் உதவலாம்.

கருகலுக்கு இங்கிலாந்தில் 1956இல் ஸ்மித் என்பவர் வகுத்த விதி மிக எளிமையானது. தொடர்ந்து இரண்டு நாள்கள் குறைந்த வெப்பநிலை 10 டிகிரிக்குக் கீழே போகாமல், ஒவ்வொரு நாளும் குறைந்தது 11 மணி நேரம் ஈரப்பதம் 90 விழுக்காடோ அதற்கு மேலோ இருந்தால் எச்சரிக்கை. பல ஆண்டுகள் கழித்து, 2017இல், அந்த 11 மணி நேரத்தை 6 மணி நேரமாகக் குறைத்து ஹட்டன் விதி என்று பெயரிட்டார்கள். ஏனெனில் பழைய விதி பல தடவை நோய் வந்த பிறகே எச்சரித்தது. பென்சில்வேனியாவில் 1975இல் வந்த பிளைட்காஸ்ட் முறை, ஒவ்வொரு நாளுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண் போட்டு, கூட்டுத்தொகை 18 ஆனதும் மருந்தடிப்பைத் தொடங்கச் சொல்கிறது. பரீட்சைக்கு மதிப்பெண் போடுவது போலத்தான், ஆனால் இங்கே கூடுதலாக வாங்குவது கெடுதல்.

நான் எந்த இயந்திரமும் வாங்கவில்லை. வறட்குமிழும் ஈரக்குமிழும் சேர்ந்த ஒரு வெப்பமானியை நிழலில், பயிரின் நடு உயரத்தில் தொங்கவிட்டிருக்கிறேன். ஈரத்துணி சுற்றிய பக்கத்துக்கும் உலர்ந்த பக்கத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் பார்க்க வேண்டும். 18 டிகிரி அளவில் அந்த வேறுபாடு 1 டிகிரிக்குள் இருந்தால் ஈரப்பதம் ஏறத்தாழ 90 விழுக்காட்டைத் தொட்டுவிட்டது என்று பொருள். இரவு பத்து மணிக்கு, விடியற்காலை நான்கு மணிக்கு, பிறகு பனி காயும் நேரத்தில் என மூன்று தடவை எழுதி வைத்தால் எத்தனை மணி நேரம் ஈரம் நின்றது என்பது ஓரளவு தெரியும். விமான நிலையத்தில் எடுக்கும் அளவு என் தோட்டத்து அளவை விடக் குறைவாகவே இருக்கும். அவர்கள் கருவி திறந்த வெளியில் நிற்கிறது, என் செடிகளுக்குள் காற்று நுழைவதில்லை. பந்தல் அடர்ந்துவிட்ட ஐப்பசியில் இந்த வேறுபாடு இன்னும் கூடும்.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். மார்கழியில் எங்கள் இரவு வெப்பநிலை 10 டிகிரிக்குக் கீழே போய்விடுவதால் ஸ்மித் விதியின்படி எச்சரிக்கையே வராது. ஆனாலும் முன்மாலையிலும் காலையிலும் ஈரமாக இருக்கும் சில நாள்களில் கருகல் மெல்ல முன்னேறுவதைப் பார்த்திருக்கிறேன். வேற்று நாட்டு எண்ணை நம் நிலத்தில் ஓர் ஆண்டாவது சோதித்துப் பார்க்காமல் நம்பக் கூடாது என்பது அதில் கற்றது.

பகோ அண்ணனின் முடிச்சுக்கு எங்களிடம் ஓர் அரைகுறை விடை உண்டு. தோட்டத்தின் பெயரோ, ஆளின் பெயரோ சொல்லாமல், எங்கள் பக்கத்து ஏரியின் மேற்குக் கரை, கிழக்குக் கரை என்று மட்டும் ஒருவர் கைப்பேசிக் குழுவில் எழுதுகிறார். தரகரும் அந்தக் குழுவில் இருக்கிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் ஒரு கரை முழுவதற்கும் விலையைக் குறைக்க அவரால் முடிவதில்லை.

மறுமொழி: ஆற்றங்கரையான், ஹென்சாடா

அனைவருக்கும் நன்றி. ஆசிரியர் ஐயா கேட்டவற்றுக்கு விடை இதோ. நீலப் பஞ்சு எதையும் நான் பார்க்கவில்லை. புள்ளிகள் வட்டமானவை, சுற்றிலும் பழுப்பு, நடுவில் காகிதம் போல வெளுத்து, அதில் ஊசிமுனை அளவில் கறுப்புத் துளிகள். முற்றிய அடியிலைகளில்தான் முதலில் வந்தன. இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும்: நன்றாக இருக்கிறது என்று ஒடித்துக் கொட்டகையில் தொங்கவிட்ட இலைகளிலும் காய்ந்து பாடம் ஆகும்போது சிறு சிறு புள்ளிகள் வெளிப்பட்டன. மருந்தின் அட்டையில் மெட்டலாக்சில் என்று இருக்கிறது. நாற்றில் பாதி நான் விட்டது, மறு பாதி சந்தையில் வாங்கியது.

மறுமொழி: பயிர்நோய் பழைய ஆசிரியர், யாங்கோன்

நீங்கள் விவரிப்பது தவளைக்கண் புள்ளி நோய் என்றே தோன்றுகிறது. பெயரே உருவத்தைச் சொல்லிவிடும். செர்கோஸ்போரா என்னும் உண்மையான பூசணம் அதற்குக் காரணம். கொட்டகையில் புள்ளி வெளிப்பட்டதும் அதற்கே பொருந்துகிறது. ஒடிப்பதற்குச் சில நாள்கள் முன்பு தொற்றிய வித்து இலைக்குள் மறைந்திருந்து, இலை வாடி வெதுவெதுப்பான ஈரத்தில் தொங்கும்போது வெளியே வருகிறது. நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்லவில்லை. அடுத்த முறை ஓர் இலையை ஈரத்தாளில் வைத்து, மூடிய டப்பாவில் ஓரிரவு விட்டுப் பாருங்கள். தவளைக்கண்ணாக இருந்தால் நடுப்பகுதியில் மங்கலான மெல்லிய வளர்ச்சி தெரியும். நீலப்பூசணமாக இருந்தால் அடிப்பக்கம் பஞ்சு பஞ்சாக எழும்பும். பெரிய பழுப்புத் திட்டில் வளையத்துக்குள் வளையமாக இருந்தால் அது மூன்றாவது, ஆல்டர்நேரியாவின் பழுப்புப்புள்ளி.

இது அனைத்தையும் மாற்றிவிடுகிறது. மெட்டலாக்சில் நீர்ப்பூசண இனத்தின் மேல் மட்டுமே வேலை செய்யும். தவளைக்கண்ணுக்கு அது தண்ணீர் தெளித்ததற்குச் சமம். அதே அட்டையில் மான்கோசெப் என்ற மருந்தும் கலந்திருந்தால் ஓரளவு காத்திருக்கும், நோய் தொற்றுவதற்கு முன் அடித்திருந்தால் மட்டும். நான்கு முறை அடித்தும் பயன் இல்லாததற்கு நாள் தவறியது மட்டும் காரணம் அல்ல. அமெரிக்காவில் நீலப்பூசணத்துக்கே அந்த மருந்தை ஓயாமல் அடித்து, பிறகு அதற்கு அசையாத இனங்கள் தோன்றின என்பதையும் நினைவில் வையுங்கள்.

முன்னறிவிப்புக் கணக்கும் மாறும். தவளைக்கண் குளிரை விரும்புவது அல்ல. வெதுவெதுப்பும் நீண்ட ஈரமும் அதற்கு வேண்டும். பழைய இலைக் கழிவில் உயிரோடு இருந்து, காற்றிலும் மழைத் தெறிப்பிலும் ஏறிவருவது. எனவே 15 முதல் 23 டிகிரி என்று நான் முன்பு எழுதிய எண்களை அதற்குப் பொருத்தாதீர்கள். ஹேஹோ நண்பர் சொன்ன முறையில் இலை ஈரமாக இருந்த மணி நேரத்தை எண்ணுவது மட்டும் இந்த நோய்கள் எல்லாவற்றுக்கும் பொருந்தும். பனி பெய்தால் மழை இல்லை என்று நம் முன்னோர் சொன்னது சரிதான்; ஆனால் மழையே இல்லாத அந்த மாதங்களில் இலையை நனைத்து நோயை வளர்ப்பது அந்தப் பனிதான். மழையை மட்டும் சொல்லும் வானொலி அறிக்கை உங்களுக்குப் போதாது என்பதற்கு அதுவே காரணம். நாளை மழை இல்லை என்று வானொலி சொல்வது உண்மையாகவே இருக்கும், உங்கள் இலையோ பன்னிரண்டு மணி நேரம் நனைந்து கிடக்கும்.

ஏழு நாளைக்கு ஒருமுறை அடிப்பதை விட்டு, தொடர்ந்து இரண்டு மூன்று காலைகளில் இலை பத்து மணி நேரத்துக்கு மேல் நனைந்திருந்தால் அடுத்த உலர்ந்த பகலில் அடிப்பது என்று தொடங்கலாம். பத்து என்பது என் கைக்கணக்கு, விதி அல்ல. எழுதி வைத்து அடுத்த ஆண்டு திருத்திக்கொள்ளுங்கள். இலை ஒடிப்பு நெருங்கியபின் அடிக்கும் மருந்து இலையிலேயே தங்கும் என்பதால் அப்போது அடிப்பதை விட, அடியிலைகளைச் சில நாள்கள் முன்னதாகவே ஒடித்துவிடுவது நல்லது. அறுவடை முடிந்ததும் தூர்களைப் பிடுங்கிவிடுங்கள். வெள்ளம் வந்து மூடிவிடும் என்று விட்டுவிடுகிறோம். மேட்டில் இருப்பதை வெள்ளம் மூடுவதில்லை.

மறுமொழி: மூன்றாம் தலைமுறை, பகோ

அப்படியானால் சந்தை நாற்றுதான் குற்றவாளியா, பழைய தூர்தான் குற்றவாளியா என்பதைச் சொல்லவே இல்லையே ஐயா?

மறுமொழி: பயிர்நோய் பழைய ஆசிரியர், யாங்கோன்

இரண்டில் எது என்பது இங்கிருந்து தெரியாது. சொந்த நாற்று நட்ட பாதியிலும் வாங்கிய நாற்று நட்ட பாதியிலும் புள்ளி ஒரே நாளில் வந்ததா, ஒரு பக்கம் முந்தியதா என்பதை ஆற்றங்கரைத் தம்பி நினைவுபடுத்திச் சொன்னால் அதிலிருந்து ஏதேனும் ஊகிக்கலாம்.

மறுமொழி: ஆற்றங்கரையான், ஹென்சாடா

வாங்கிய நாற்று நட்டது ஆற்றை ஒட்டிய தெற்குப் பாதி. புள்ளி அங்கே நான்கைந்து நாள்கள் முந்தியது என்றுதான் என் மனைவி சொல்கிறார். ஆனால் மூடுபனி கடைசியாக விலகுவதும் அந்தப் பக்கம்தான், ஆகவே அதை வைத்து நாற்றின் மேல் பழி போட எனக்குத் துணிவு இல்லை. இந்த ஆண்டு இரண்டு வகை நாற்றையும் வரிசை மாற்றி வரிசை நட்டுப் பார்க்கிறேன். வெப்பமானி ஒன்று வாங்கிவிட்டேன். தெற்குப் பாதியில் முழங்கால் உயரத்தில் ஒரு மூங்கிலில் தொங்குகிறது. கார்த்திகை நடவு முடிந்ததிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் அந்த வாரத்து எண்களை இந்த இழையிலேயே எழுதுகிறேன், வயலின் பெயரைச் சொல்லாமல்.